இருநூறு வார்டு, இருநூறு வார்த்தை

ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் வார்டுத் தேர்தல் வந்துவிட்டால் முதலில் விழித்துக்கொள்கிறவர்கள் வாக்காளர்கள் அல்ல, அச்சாபீஸ்காரர்கள்! இரவும் பகலும் இயந்திரம் ஓடுகிறது. மறுநாள் காலையில் பால் பாக்கெட்டோடு வாசலில் நாலு நோட்டீஸ்கள் கிடக்கின்றன. நாலிலும் கும்பிட்ட கை; நாலிலும் சிரித்த முகம்; நாலிலும் 'உங்கள் வீட்டுப் பிள்ளை'. ஒரே வீட்டுக்கு இத்தனை பிள்ளைகளா என்று வீட்டுக்காரம்மாள் திகைத்துப் போகிறாள்.

நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் இரண்டு சமாசாரங்கள் மட்டும் அகப்படுவதில்லை. இந்தப் பிள்ளை இதுவரை என்ன செய்தது? இனிமேல் என்ன செய்யப் போகிறது?

கேள்வி அற்பமானதல்ல. சென்னை மாநகராட்சி 1688-ஆம் ஆண்டு பிறந்தது. நம் நாட்டு நகரசபைகளுக்கெல்லாம் மூத்தது. 2011-ல் திருவொற்றியூர், கத்திவாக்கம் முதலான நகராட்சிகளையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு, 174 சதுர கிலோமீட்டராக இருந்தது 426 ஆகப் பெருத்தது. வார்டுகளும் 155-லிருந்து 200 ஆயின. எண்ணூர்ப் பக்கத்திலிருந்துதான் வார்டு எண்ணிக்கையே தொடங்குகிறது. வரிசையில் முதலிடம் வடசென்னைக்கு. வசதியில் எந்த இடம் என்பதை அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த 200 வார்டுகளுக்கும் 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி வாக்குப் பதிவு நடந்தது. சென்னையில் நூறு பேரில் 44 பேர் கூட வாக்குச் சாவடிப் பக்கம் வரவில்லை. "யார் வந்தால் என்ன ஸார்?" என்பதுதான் வராதவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம். யார் வருகிறார் என்பதையே யாரும் சரியாகச் சொல்லாதபோது, வந்தால் என்ன என்று ஜனங்கள் கேட்பதில் ஆச்சரியமில்லை.

கடல் கடந்த ஒரு வழக்கம்

நியூஸிலாந்து தேசத்தில் ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் வந்தால், தேர்தல் அதிகாரியே ஒரு சிறு புத்தகம் அச்சிட்டு வாக்காளர்களுக்கு அனுப்பி வைக்கிறார். நிற்கும் அபேட்சகர் ஒவ்வொருவரும் தம்மைப் பற்றி அதில் எழுதிக்கொள்ளலாம். எவ்வளவு? 150 வார்த்தை! அதற்கு மேல் போனால் இடமில்லை. கோடீசுவரருக்கும் அதே 150. கூலிக்காரருக்கும் அதே 150.

அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்தில் கொஞ்சம் தாராளம். அங்கே ஸ்தலத் தேர்தலுக்கு 200 வார்த்தை. உள்ளூர் சபை சம்மதித்தால் 400 வரை போகலாம். ஆனால் நிபந்தனைகள் கடுமை. உள்ளூர்ப் பதவிக்கு நிற்பவர் அந்த அறிக்கையில் தம் கட்சியின் பெயரைச் சொல்லக் கூடாது. எதிர்த்து நிற்பவரைப் பற்றி மூச்சு விடக் கூடாது. தம் படிப்பு, தொழில், தகுதி, இவ்வளவுதான். நம் ஊர் மேடைப் பேச்சிலிருந்து கட்சியையும் எதிரியையும் கழித்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று நேயர்கள் ஒரு நிமிஷம் கற்பனை செய்து பார்க்கலாம். பல பேச்சுக்களில் மிஞ்சுவது, "வணக்கம்", "நன்றி" என்ற இரண்டு வார்த்தைகளாகத்தான் இருக்கும்.

நம்மிடம் இருக்கும் கடுதாசி

நம் ஊரில் இப்படிப்பட்ட புத்தகம் வீடு தேடி வருவதில்லை. அதற்காக ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. வேட்பு மனுவோடு ஒவ்வொரு அபேட்சகரும் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுக்கிறார். சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு, படிப்பு என்ன, கிரிமினல் வழக்கு உண்டா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

அந்தக் கடுதாசி சும்மா வந்ததல்ல. ஆமதாபாத் நிர்வாகக் கல்லூரிப் பேராசிரியர்கள் சிலர் சேர்ந்து, 1999-ல் டெல்லி ஹைகோர்ட்டில் ஒரு வழக்குப் போட்டார்கள். சட்டசபைக்கும் பாராளுமன்றத்துக்கும் நிற்பவரின் பூர்வோத்தரம் வாக்காளருக்குத் தெரிய வேண்டும் என்பது அவர்கள் கட்சி. ஹைகோர்ட் 2000-ல் அதை ஒப்புக்கொண்டது. சுப்ரீம் கோர்ட் 2002 மே 2-ந் தேதி உறுதிப்படுத்தியது. மற்ற விஷயங்களில் கீரியும் பாம்புமாக இருந்த கட்சிகள் இதில் மட்டும் ஒற்றுமையாகி, தீர்ப்பைக் குறுக்கும்படி சட்டத்தைத் திருத்தின. அந்தத் திருத்தமும் 2003 மார்ச் 13-ந் தேதி செல்லாமற் போயிற்று. பிறகு, 'காலியாக விட்ட கட்டங்களோடு பத்திரம் கொடுப்பது பத்திரம் கொடுத்ததாகாது' என்று 2013-ல் இன்னொரு தீர்ப்பும் வந்தது.

இதெல்லாம் பெரிய சபைகளுக்குத்தானே, வார்டுக்கும் பஞ்சாயத்துக்கும் என்ன என்று கேட்பவர்கள் கோயமுத்தூர் ஜில்லா மேட்டுப்பாளையம் தாலுகாவிலுள்ள தேக்கம்பட்டியை நினைத்துக்கொள்ள வேண்டும். 2006-ஆம் ஆண்டு அக்டோபரில் அங்கே ஊராட்சித் தலைவர் தேர்தல் நடந்தது. ஸ்தலத் தேர்தலில் நிற்பவர்களும் வழக்கு விவரம் தர வேண்டும் என்று தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம் அதற்கு முந்திய மாதந்தான் அறிவித்திருந்தது. வென்றவர் தம் பத்திரத்தில் ஒரு வழக்கைச் சொல்லி, மற்ற வழக்குகளைச் சொல்லாமல் விட்டுவிட்டார். விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிற்று. வழக்கை மறைப்பது வாக்காளரின் சுதந்திரமான தீர்மானத்தில் குறுக்கிடுவதாகும் என்றும், அந்தத் தேர்தல் செல்லாது என்றும் 2015 பிப்ரவரி 5-ந் தேதி தீர்ப்பாயிற்று.

ஒரு சின்னக் கிராமத்துத் தேர்தல் தேசத்துக்கே சட்டம் சொல்லிக் கொடுத்தது! ஆனால் தீர்ப்பு வந்தபோது அந்த ஐந்து வருஷப் பதவிக் காலமே கடந்து போய்விட்டது. ஆகவே, கோர்ட்டு கண்டுபிடிக்கட்டும் என்று வாக்காளர் காத்திருக்க முடியாது. ஓட்டுக்கு முன்னாலேயே பார்த்துவிட வேண்டும்.

பிரமாணப் பத்திரம் அபேட்சகரிடம் என்ன இருக்கிறது என்று சொல்கிறது. அவர் என்ன செய்வார் என்று அது சொல்லாது. அந்தக் குறையைத் தீர்க்க, அபேட்சகர்களே நியூஸிலாந்துக்காரரைப் போல ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் என்ன?

எழுதுவது எப்படி?

ஒரு பேச்சுக்கு, காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாள் ஒருவர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். இது வெறுங் கற்பனையாகவே இருக்க வேண்டியதில்லை. 2016-ல் தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று சட்டமாயிற்று. 21 வயது நிரம்பிய வாக்காளர் வார்டுக்கு நிற்கலாம். மாநகராட்சி வார்டுக்கு 2022-ல் கட்ட வேண்டியிருந்த டெபாசிட் 4,000 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு அதில் பாதி.

எழுத உட்காருமுன் அந்த அம்மாள் தெரிந்துகொள்ள வேண்டியது, எது தம் கைக்கு எட்டும், எது எட்டாது என்பது. தெரு விளக்கு, குப்பை, மழைநீர் வடிகால், மாநகராட்சிப் பள்ளிக்கூடம், பூங்கா, பிறப்பு இறப்புப் பதிவு, இவை மாநகராட்சியின் பொறுப்பு. குடிதண்ணீரும் பாதாளச் சாக்கடையும் 1978-ல் ஏற்பட்ட குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. துறைமுகம் மத்திய சர்க்காருடையது. புகையும் கழிவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பார்க்க வேண்டியது.

இந்தப் பாகுபாடெல்லாம் ஜனங்களுக்குத் தெரிவதில்லை. ஆபத்து வந்தால் தெரிந்துகொள்ள நேரமும் இருப்பதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் வந்து படிந்தது. படகும் வலையும் கறுத்துப் போயின. அதே மாதம் 26-ந் தேதி நள்ளிரவுக்குச் சமீபத்தில், பெரியகுப்பத்தருகே உர ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. ஜனங்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த மாதிரி வேளையில் எந்த இலாகா என்றா யோசிக்க முடியும்? கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிற கவுன்ஸிலர் வீட்டுக் கதவைத்தான் தட்டத் தோன்றும். கதவைத் திறப்பவர் யார் என்பது அதனால்தான் முக்கியம்.

நல்ல வாக்குறுதிக்கு இலக்கணம் மாநகராட்சியின் பழைய சரித்திரத்திலேயே இருக்கிறது. ஸர் பிட்டி தியாகராயச் செட்டியார் தலைவராக இருந்த 1920-ஆம் ஆண்டில், ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பகலில் சிற்றுண்டி கொடுப்பதென்று மன்றம் தீர்மானித்தது. தலைக்கு ஒரு அணாவுக்கு மேற்படக் கூடாது என்றும் குறித்தது. எந்த இடம், யாருக்கு, என்ன செலவு, மூன்றும் தீர்மானத்திலேயே இருந்தன. 'கல்வியில் புரட்சி செய்வோம்' என்று எழுதியிருந்தால் ஒரு பிள்ளையின் பசியும் தீர்ந்திருக்காது.

இனி, நம் காசிமேட்டு அம்மாளின் அறிக்கையை எழுதிப் பார்க்கலாம்:

"வணக்கம். எனக்கு வயது 46. எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். 22 வருஷமாகக் காசிமேட்டில் மீன் விற்கிறேன். இந்த வார்டிலேயே குடியிருக்கிறேன். என் பேரில் வழக்கு எதுவும் இல்லை. என் சொத்து விவரம் பிரமாணப் பத்திரத்தில் இருக்கிறது.

"மூன்று வேலைகளைப் பொறுப்பேற்கிறேன். முதலாவது, எரியாத தெரு விளக்குகளைக் கணக்கெடுத்து, மூன்று மாதத்துக்குள் எரிய வைக்கப் பாடுபடுவேன். இரண்டாவது, ஐப்பசி பிறக்குமுன் மழைநீர் வடிகாலைத் தூர் வாருவதை நேரில் நின்று பார்ப்பேன். முடிந்த தேதியைத் தெருமுனைப் பலகையில் எழுதுவேன். மூன்றாவது, பள்ளிக்கூடத்தில் பெண் குழந்தைகளின் கழிப்பறைக்குத் தண்ணீர் வராததை முதல் கூட்டத்திலேயே மன்றத்தில் கேட்பேன்.

"துறைமுக லாரிகளை நிறுத்தும் அதிகாரமும், எண்ணெய்க் கழிவைத் தடுக்கும் அதிகாரமும் கவுன்ஸிலருக்கு இல்லை. ஆனால் உங்கள் மனுவை உரிய இலாகாவுக்கு நானே கொண்டுபோவேன். பதில் வரும் வரை விடமாட்டேன். வியாபாரம் முடிந்தபின் தினமும் 3 மணியிலிருந்து 6 மணி வரை வீட்டில் இருப்பேன்."

அவ்வளவுதான்! ஏறக்குறைய 100 வார்த்தை. இருநூறில் பாதி மிச்சம். 'சிங்கமே', 'தங்கமே' எதுவும் இல்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து இந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய், "என்ன அக்கா, மூணாவது வேலை என்ன ஆச்சு?" என்று அந்த அம்மாளைக் கேட்கலாம்.

இந்த அறிக்கையில் மிகவும் மதிப்புள்ள இடம் எதுவென்றால், 'அதிகாரம் இல்லை' என்று சொன்ன இடந்தான். முடியாததை முடியாது என்று சொல்லத் துணிந்தவர், முடியும் என்று சொல்வதையும் நம்பலாம் அல்லவா? எண்ணெயையும் புகையையும் ஒரே கையெழுத்தில் ஓட்டிவிடுவேன் என்பவருக்கு, அந்தக் கையெழுத்தை எந்தக் காகிதத்தில் போடுவது என்று தெரியுமா என்பதே சந்தேகம்.

அபேட்சகர் எழுதவில்லை என்றால்?

அப்போது வாக்காளர் எழுதலாம். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ஆரத்தித் தட்டோடு ஒரு வெள்ளைக் காகிதத்தையும் நீட்டுங்கள். "தம்பி, நீங்க செய்யப்போற மூணு வேலையை இதிலே எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டுப் போங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள். மூன்றே மூன்று; அதற்கு மேல் வேண்டாம். நோட்டீஸ் அடிக்கிறவராக இருந்தால், அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவர் பெயரும் அடியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சட்டசபை, பாராளுமன்றத் தேர்தல்களில் அது சட்டப்படி கட்டாயம். ஊர் பேர் இல்லாத காகிதம் எந்தத் தேர்தலிலும் நல்ல காகிதமல்ல.

சிலர் சிரிப்பார்கள், சிலர் கட்சி ஆபீஸைக் கேட்டுச் சொல்கிறேன் என்பார்கள், யாராவது ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து யோசித்து எழுதுவார். அந்தக் காகிதத்தை ரேஷன் கார்டோடு பத்திரமாக வையுங்கள். அடுத்த ஐந்து வருஷத்துக்கு உங்கள் வார்டின் வாக்காளர் கையேடு அதுதான்.