பரீட்சை எழுதுவதா, கொடுப்பதா, உட்காருவதா?

கோவையிலிருந்து மேல்படிப்புக்கு இங்கிலாந்து போன என் அண்ணன் மகள், வாடகை வீட்டுக்காரப் பாட்டியிடம் "நாளைக்கு எக்ஸாம் எழுதணும்" என்று ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள். பாட்டிக்கு ஆச்சரியம். "அதற்குள் உன்னையே கேள்வித்தாள் தயாரிக்கச் சொல்லிவிட்டார்களா?" அறைத்தோழி டெல்லிக்காரி. குழப்பம் தீர்க்க வந்தவள், "நாங்கள் எக்ஸாம் கொடுக்கப் போகிறோம்" என்றாள். பாட்டி கணக்கில் கொடுப்பது வாத்தியார் வேலை. கடைசியில் அவரே சொல்லிக்கொடுத்தாராம்: இங்கே பரீட்சைக்கு 'சிட்', உட்கார வேண்டும். அமெரிக்கா போனால் 'டேக்', எடுக்க வேண்டும்.

இரண்டு பெண்களும் இலக்கணத்தில் கோட்டை விடவில்லை. காலம் சரி, எழுவாய் சரி. தமிழில் தேர்வு எழுதுகிறோம், இந்தியில் பரீட்சை கொடுக்கிறார்கள். வினையை ஊரிலிருந்தே மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள், அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் எந்தப் பெயர்ச்சொல்லுக்கு எந்த வினை என்று ஒரு கட்டுரை வேண்டும் என ஆசிரியர் கேட்டபோது, பத்து விதிகளை எழுதித் தந்துவிடலாம் என்று நினைத்தேன். விதி ஒன்றும் அகப்படவில்லை. தப்புக்கு 'மேக்', வீட்டுப்பாடத்துக்கு 'டூ'. பொய்க்கு 'டெல்', பிரார்த்தனைக்கு 'சே'. நாம் சாப்பிடுகிற மாத்திரையை அவர்கள் எடுக்கிறார்கள். நாம் குடிக்கிற சூப், கிண்ணமும் ஸ்பூனுமாக வந்தால் அவர்களுக்கு 'ஈட்'. நாம் காண்கிற கனவு அங்கே வெறும் 'ஹேவ்'.

அபூர்வமாக அதிர்ஷ்டம் அடிக்கும். வரிக்கும் 'பே', கவனத்துக்கும் 'பே', இறந்தவருக்கு மரியாதை செய்யவும் 'பே'. தமிழிலும் வரி செலுத்துகிறோம், கவனம் செலுத்துகிறோம், அஞ்சலி செலுத்துகிறோம். (கப்பலையும் செலுத்துகிறோம், அது வேறு கதை.) பிரெஞ்சுக்காரர் கவனத்தைச் செய்கிறார், ஸ்பானியர் இரவல் தருகிறார். எல்லாச் சொற்களும் இப்படி நமக்குத் தோதாக அமைந்திருந்தால் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் பாதியை மூடியிருப்பார்கள்.

இந்தச் சோடிச் சொற்களைத் திரட்டும் வேலை மும்முரமாக நடந்த ஊர் லண்டன் அல்ல, டோக்கியோ. ஜப்பானியருக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போன ஹெரால்டு பாமர் 1933-இல் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டார். அவரோடு வேலை பார்த்த ஹார்ன்பி, இன்னும் இருவரைச் சேர்த்துக்கொண்டு தொகுத்த அகராதி 1942-இல் அங்கேயே வந்தது. 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை மறுபதிப்பு செய்தது. நம் வீட்டு அலமாரியில் தூசி படிந்திருக்கும் அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரியின் பூர்வீகம் அதுதான். உள்ளூர்க்காரருக்குக் கண்ணில் படாதது, வெளியூர்ப் பிள்ளைகள் தடுக்கி விழுந்தபோதுதான் தெரிந்தது.

இந்தச் சொற்சேர்க்கையைக் குறிக்கும் 'கொலொகேஷன்' என்ற கலைச்சொல்லை மொழியியலில் நிலைநிறுத்திய ஜே.ஆர்.ஃபிர்த், ஆர்டனின் தமிழ் இலக்கண நூலுக்குத் தமிழ் உச்சரிப்பு பற்றி ஒரு பின்னிணைப்பு எழுதியவர். உச்சரிப்போடு நிறுத்திக்கொண்டாரே என்று எனக்கு ஓர் ஆதங்கம். ஒரு காலைப் பொழுது நம் அடுப்படியில் நின்றிருந்தால் நோட்டுப்புத்தகம் நிறைந்திருக்கும். சோறு வடிப்போம். குழம்பு வைப்போம். தோசை சுடுவோம், சில ஊரில் வார்ப்போம். இட்லி அவிப்போம், அப்பளம் பொரிப்போம், முறுக்கு பிழிவோம், உப்புமா கிண்டுவோம், கூழ் காய்ச்சுவோம், காபி போடுவோம். ஒன்றின் வினை இன்னொன்றுக்கு ஒட்டாது. ரசத்தைக் கிண்டினேன் என்றால் அந்த வீட்டில் யாரும் சாப்பிட உட்கார மாட்டார்கள்.

'கால் பண்ணு', 'டிரை பண்ணு' என்று ஆங்கிலச் சொற்களைத் தமிழுக்குள் இறக்கிவைக்கச் சுமைகூலியாளாக வந்த 'பண்ணு', இப்போது வீட்டுக்காரனாகிவிட்டது. சோறு பண்ணு, ரசம் பண்ணு, முறுக்கு பண்ணு. எங்கள் குடியிருப்பில் ஒரு சிறுமி, உதிரி மல்லிகையைக் கையில் அள்ளிக்கொண்டு வந்து பாட்டியிடம் "பூ பண்ணிக் குடு" என்றாள். தொடுப்பது, கட்டுவது என்று இரண்டு வினைகள் இருப்பது அவளுக்குத் தெரியாது. பாட்டியும் திருத்தாமல் நாரை எடுத்தார். பண்ணு பழந்தமிழ்ச் சொல்தானே, சில வீடுகளில் சமையலே அதில்தான் நடக்கிறது என்கிறார் தமிழாசிரியராக இருக்கும் என் நண்பர். இருக்கட்டும். அதே சிறுமிக்கு ராத்திரி பத்து மணிக்கு 'மேக்'கா 'டூ'வா என்று அம்மா பயிற்சி கொடுப்பது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கிறது. அதற்கு மார்க் உண்டு. 'வடி'க்கும் 'பிழி'க்கும் யார் மார்க் போடுகிறார்கள்?

அண்ணன் மகள் பரீட்சையை நல்லபடியாக உட்கார்ந்து முடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள்.

"சித்தப்பா, இன்னிக்கு நானே தோசை பண்ணுனேன்."

"சுட்டியா?"

"ஆமா சித்தப்பா, பண்ணுனேன். நல்லா வந்துச்சு."