ஏவல் கேட்கும் படம்

அச்சிட்ட நூலில் உள்ள படம் பேசாது, அசையாது. படிப்போர் அதனைக் காணலாம், ஏவுதல் இயலாது. கணினித் திரையில் தோன்றும் வலைப்பக்கத்திலோ எழுத்துகளுக்கு நடுவே படம் ஓடுகிறது, பாட்டு ஒலிக்கிறது. 'நில்' என்றால் நிற்கிறது. 'பின்னே செல்' என்றால் செல்கிறது. ஒரு பக்கத்தினுள் படத்தைப் பதிப்பது எவ்வாறு? பதித்த படத்தை ஏவுவது எது? அவ்வேவல் இறுதியில் யாருடைய கையில் இருத்தல் வேண்டும்? இம்மூன்றனையும் இப்பாடத்தில் காண்போம்.

வலைப்பக்கம் என்பது உண்மையில் எழுத்தாலாகிய ஒரு குறிப்பே ஆகும். அக்குறிப்பை வாங்கிப் படித்து, அதன்படி பக்கத்தைத் திரையில் அமைத்துக் காட்டும் மென்பொருளுக்கு உலாவி என்று பெயர். 'இங்கே தலைப்பு, இங்கே பத்தி, இங்கே படம்' என்று உலாவிக்கு உணர்த்தும் சொற்கள் குறிச்சொற்கள் எனப்படும். இக்குறிச்சொற்களால் ஆகிய மொழியே எச்.டி.எம்.எல். ஆகும். அதில் 'வீடியோ' என்பது ஒரு குறிச்சொல். பக்கத்தை எழுதுவோர் அச்சொல்லை இட்டு, படக்கோப்பு இருக்கும் முகவரியையும் அதனுடன் குறித்து வைப்பர். ஆகவே, பக்கத்தின் குறிப்பில் படம் இல்லை. படத்திற்கு உரிய இடமும் முகவரியுமே உள்ளன. உலாவி அம்முகவரியிலிருந்து படத்தைச் சிறிது சிறிதாக வரவழைத்து, உரிய இடத்தில் காட்டுகிறது. இதுவே பதித்தல்.

இனி, ஏவுதலைக் காண்போம். அதற்கு உரிய மொழி ஜாவாஸ்கிரிப்ட். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் என்பவர் 1995-ஆம் ஆண்டில் பத்தே நாளில் இதன் முதல் வடிவத்தை ஆக்கினார். இம்மொழியில் எழுதிய கட்டளைகள் பக்கத்துடன் வந்து, படிப்போருடைய உலாவியினுள்ளேயே இயங்குகின்றன. ஆதலின், பக்கத்தில் உள்ள உறுப்புகளை அவை நேரே அணுகி ஏவ முடிகிறது.

பொம்மலாட்டத்தில் ஆட்டுவோன் கயிற்றை இழுக்கின்றான், பாவை ஆடுகின்றது. பாவை அவனுக்கு மறுமொழி ஒன்றும் கூறுவதில்லை. படத்திற்கும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டளைக்கும் இடையே உள்ள தொடர்போ இருவழிப்பட்டது. ஒருவழியே ஏவல்கள் செல்கின்றன. 'பிளே' என்றால் ஓடு. 'பாஸ்' என்றால் நில். 'கரண்ட் டைம்' என்பது படம் இப்பொழுது எத்தனையாவது நொடியில் உள்ளது என்பதைக் காட்டும் எண். அவ்வெண்ணை மாற்றினால் படம் அந்நொடிக்குத் தாவும். மற்றொரு வழியே படத்திடமிருந்து செய்திகள் வருகின்றன. 'ஓடத் தொடங்கினேன்', 'இத்தனை நொடி வந்தேன்', 'நின்றேன்', 'முடிந்தேன்' என்பன போன்ற அச்செய்திகளுக்கு நிகழ்வுகள் என்று பெயர்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். இதயத்தில் குருதி ஓடும் முறையைக் காட்டும் படம் ஒன்று ஒரு பாடப் பக்கத்தில் உள்ளது என்று கொள்வோம். 90-ஆம் நொடியில் அப்படம் நின்று, 'நுரையீரலிலிருந்து வரும் குருதி இதயத்தின் எவ்வறையை அடைகிறது?' என்று பக்கம் வினவ வேண்டும். 'இடது மேலறை' என்று மாணவர் விடை அளித்த பின்னரே படம் மேலே ஓட வேண்டும். இதற்கு வேண்டிய கட்டளை சிறியதே. படம் 'இத்தனை நொடி வந்தேன்' என்று அறிவிக்கும்போதெல்லாம் அவ்வெண்ணைப் பார். 90 ஆகியிருந்தால் படத்தை நிறுத்தி வினாவைக் காட்டு. விடை சரியாயின் மீண்டும் ஓட்டு. தவறாயின் 60-ஆம் நொடிக்குத் திருப்பி ஓட்டு.

எளிதாகத் தோன்றும் இதனிலும் இரண்டு நுட்பங்கள் உள்ளன. படம் கணந்தோறும் செய்தி அனுப்புவதில்லை. ஒரு செய்திக்கும் அடுத்த செய்திக்கும் இடையே கால் நொடி வரை கழியலாம். ஒரு செய்தி 89.9 என்று வந்தால், அடுத்தது 90.1 என்று வரக்கூடும். ஆதலின், 'எண் 90-க்குச் சமமா?' என்று பார்க்கும் கட்டளை அவ்விடத்தைத் தவறவிட்டுவிடும். '90-ஐ எட்டியதா, அல்லது கடந்ததா?' என்று பார்ப்பதே முறை. அவ்வாறு பார்த்தாலும் மற்றொரு தொல்லை உண்டு. 90-ஐக் கடந்த பின்னர் வரும் எல்லாச் செய்திகளிலும் எண் 90-க்கு மேற்பட்டே இருக்கும். ஆகவே, 'சரியான விடை கிடைத்தாயிற்று' என்பதையும் கட்டளை குறித்துக்கொள்ள வேண்டும். இல்லையேல், ஓடத் தொடங்கிய படம் உடனே மீண்டும் நின்றுவிடும்.

பக்கத்தின் கட்டளை படத்தை இவ்வாறு தடையின்றி ஏவுதல் தொடக்கக் காலத்திலேயே வாய்த்துவிடவில்லை. அக்காலத்து உலாவிகள் தாமாகப் படம் ஓட்டும் ஆற்றல் பெற்றிருக்கவில்லை. எனவே, பிறர் ஆக்கிய செருகுநிரல் என்னும் துணை மென்பொருள்களை உலாவியுடன் இணைத்துக்கொள்ள நேர்ந்தது. அவற்றுள் பெரும்புகழ் பெற்றது ஃபிளாஷ் என்பதாகும். 1996-ஆம் ஆண்டில் மேக்ரோமீடியா நிறுவனம் அதனைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. 2005-இல் அது அடோபி நிறுவனத்தின் கைக்கு மாறியது. அசையும் சித்திரங்களும் விளையாட்டுகளும் பாடங்களும் அதனால் ஏராளமாகப் படைக்கப்பட்டன. 2005-இல் தோன்றிய யூடியூபும் தொடக்கத்தில் ஃபிளாஷின் துணைகொண்டே படம் காட்டியது.

எனினும், ஃபிளாஷ் இயக்கி ஒரு நிறுவனத்தின் உடைமை. பக்கத்தின் நடுவே வைத்த பூட்டிய பெட்டியைப்போல் அஃது இருந்தது. பெட்டியின் வழியாகத் திறந்துவிட்ட ஏவல்களை மட்டுமே பக்கம் இடலாம். அதனுள் குறை தோன்றினால் உடைமையாளரே திருத்த வேண்டும். பாதுகாப்புக் குறைகளோ அதில் அடிக்கடி வெளிப்பட்டன. 2007-இல் வெளிவந்த ஐபோன் ஃபிளாஷை ஏற்கவில்லை. ஆப்பிள் நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் அதற்குரிய காரணங்களை 2010 ஏப்ரலில் ஒரு திறந்த மடலாக எழுதி வெளியிட்டார்.

இதற்கிடையே, உலாவியே படத்தை ஓட்டுமாறு 'வீடியோ' என்னும் குறிச்சொல்லை வகுக்கலாம் என்று நார்வே நாட்டு ஒப்பேரா நிறுவனத்தார் 2007-இல் முன்மொழிந்தனர். அஃது எச்.டி.எம்.எல்.-இன் ஐந்தாம் பதிப்பில் இடம்பெற்றது. அப்பதிப்பு 2014 அக்டோபரில் உலகப் பொதுத் தரநிலையாக வெளிவந்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் யூடியூபும் அதனையே தன் இயல்பான முறையாகக் கொண்டது. 2020 டிசம்பர் 31-ஆம் நாளுடன் அடோபி நிறுவனம் ஃபிளாஷைக் கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் இயக்கி தன்னிடம் வந்த படைப்புகளை ஓட்ட மறுத்துவிட்டது. எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்கில் உழைத்து ஆக்கிய சித்திரங்களும் பாடங்களும் கோப்பளவில் இருந்தும் திரையில் தோன்றா நிலை எய்தின. அவற்றுள் ஒரு பகுதியை 'ரஃபிள்' என்னும் பொது மென்பொருளின் உதவியால் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் மின்னூலகம் காத்து வருகின்றது. ஒருவர் கையிலுள்ள சாவியை நம்பிப் பலரும் தம் பொருளை வைத்தால் நேரும் இடர் இதுவேயாகும்.

பக்கத்தை எழுதுவோர் கைக்கு ஏவல் வந்த பின்னர் வேறொரு சிக்கல் எழுந்தது. பக்கத்தைத் திறந்தவுடன், கேளாமலே விளம்பரங்கள் உரத்து முழங்கத் தொடங்கின. இஃது இடையூறு மட்டுமன்று. சிலருக்குப் பெருந்தடையும் ஆகும். பார்வையற்றோர், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளின் குரலைக் கேட்டே பக்கத்தை அறிகின்றனர். படத்தின் முழக்கம் அக்குரலை மூடிவிட்டால், படத்தை நிறுத்தும் பொத்தான் எங்குள்ளது என்பதையும் அவர்கள் அறிதல் அரிது. ஆதலால், தானே தொடங்கும் ஒலி 3 நொடிக்கு மேல் நீடிக்குமாயின் அதனை நிறுத்தவோ அடக்கவோ வழி இருத்தல் வேண்டும் என்று, வலைப்பக்கங்கள் யாவர்க்கும் பயன்படுதற்கென வகுத்த உலக நெறிமுறை கூறுகின்றது.

உலாவிகளும் இதற்கு ஒரு காப்புச் செய்தன. சஃபாரி 2017-ஆம் ஆண்டிலும் குரோம் 2018-ஆம் ஆண்டிலும் புதிய விதிகளைக் கொண்டன. அவற்றின்படி, காண்போர் பக்கத்தைத் தொட்டு இயக்காத வரையில், ஒலியுடன் கூடிய படம் பொதுவாகத் தானே ஓட முடியாது. ஆகவே, 'பிளே' என்னும் ஏவல் இன்று ஒரு வேண்டுகோளே. உலாவி உடன்பட்டதா, மறுத்ததா என்னும் மறுமொழி சற்றுப் பின்னரே கிடைக்கும். அதனைப் பார்த்திருந்து, மறுத்தால் 'படத்தை இயக்குக' என்னும் பொத்தானைக் காட்டுவதே நன்முறையில் எழுதிய பக்கத்திற்கு அழகு.

படத்தைப் பதிப்பது குறிச்சொல், ஏவுவது ஜாவாஸ்கிரிப்ட். அவ்விரண்டும் இன்று எந்த நிறுவனத்தின் தனியுடைமையும் அல்லாமல், யாவரும் கற்று ஆளத்தக்க பொதுச் செல்வமாக விளங்குகின்றன. ஆயினும், 'ஓடு', 'நில்' என்னும் இறுதிச் சொல்லுக்கு உரியவர் பக்கத்தைக் காண்பவரே. நாளை வலைப்பக்கம் ஆக்கப் புகும் மாணவர்கள் படம் ஓடும் அழகை எண்ணுவதோடு அமையாது, அதனை நிறுத்த விரும்புவோருடைய உரிமையையும் எண்ணிக் கட்டளை எழுதுவாராக.