கிணற்றுக்கு ஓய்வு கொடுக்கும் 555 சில்லு

இலுப்பைக்கடவை போன்ற கரையோர ஊர்களில் கிணற்று நீரை அளவறிந்து இறைத்தல் வேண்டும். நன்னீர் பாரங் குறைந்ததாதலால் நிலத்தடியில் உவர்நீரின் மேல் நிற்கும். ஓய்வின்றி இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலெழும். பின்னர் நெல் நாற்றுமேடையும் மிளகாய், வெங்காயத் தோட்டமும் வாடும். எனவே நீரிறைக்கும் இயந்திரத்தை வேளையோடு நிறுத்துவது அவசியம். இவ்வேலைக்கு உதவும் மலிவான பொருள் 555 என்னும் நேரங்குறிக்கும் சில்லாகும்.

புளியங்கொட்டையளவான இச்சில்லுக்கு எட்டுக் கால்கள் உண்டு. வாய்க்காலால் நிரம்பும் தொட்டியைப் போன்றது இதன் வேலை. வாய்க்கால் ஒடுங்கினாலும் தொட்டி பெருத்தாலும் நிரம்ப நேரமாகும். இங்கே தடையி வாய்க்கால், கொள்ளளவி தொட்டி, மின்னேற்றமே நீர். பொத்தானை அழுத்தியதும் இயந்திரம் ஓடத் தொடங்கும். கொள்ளளவியும் நிரம்பத் தொடங்கும். அதன் மின்னழுத்தம் பற்றரியின் மின்னழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கை எட்டியதும் சில்லு இயந்திரத்தை நிறுத்திக் கொள்ளளவியை வெறுமையாக்கும். அம்மட்டத்தைக் குறிப்பவை சில்லினுள் உள்ள மூன்று சமமான தடையிகள். பற்றரி சற்று வலுக் குன்றினால் மட்டமும் உடன் தாழும். ஆகையால் நேரம் பெரிதும் மாறாது.

1 இலட்சம் ஓம் தடையியும் 1000 மைக்குரோபரட் கொள்ளளவியும் ஏறத்தாழ 110 செக்கன் தரும். தடையியை இரட்டித்தால் நேரமும் இரட்டிக்கும். ஆயினும் இதனை மிக நீட்டலாகாது. கொள்ளளவியில் மின் கசிந்தால் மட்டம் எட்டாமற்போய் இயந்திரம் நில்லாது ஓடக்கூடும். நீண்ட இறைப்புக்கு, 555 தரும் துடிப்புகளை எண்ணி நிறுத்தும் மற்றொரு சில்லும் சேர்ந்த கருவியே ஏற்றது.

சுவிற்சலாந்தில் பிறந்த ஹான்ஸ் கமென்சிண்ட் என்பவர் அமெரிக்காவின் சிக்னெற்றிக்ஸ் கொம்பனிக்காக 1971இல் இதனை வடிவமைத்தார். 1972இல் இது விற்பனைக்கு வந்தது. உள்ளே 5 கிலோ ஓம் தடையிகள் மூன்று இருப்பதால் 555 எனப் பெயர் வந்ததென்பர் பலர். கமென்சிண்டோ, விற்பனைப் பகுதியைச் சேர்ந்த ஆர்ட் பியூரி தம் விருப்பப்படி தெரிந்த எண்ணே அதுவென்று கூறினார்.

இச்சில்லு இயந்திரத்தை நேரே இயக்கும் வலுவுடையதன்று. இடையே ரிலே என்னும் ஆளி வேண்டும். அதனைத் தகுதி பெற்ற மின்வினைஞரைக் கொண்டே பொருத்துவித்தல் வேண்டும்.

சில்லு நேரத்தை மட்டுமே அறியும், உவரை அறியாது. எவ்வளவு இறைத்தால் நீரின் சுவை மாறுகின்றது, எவ்வளவு பொழுதில் கிணறு மீண்டும் ஊறுகின்றது என்பவற்றைக் கவனித்து நேரத்தை வகுக்க வேண்டியவர் கமக்காரரே.