காமாக் கதிர்ச் சுவாலைகளும் குவாசர்களும்: 3சி 279ஐ முன்னிறுத்திய ஒரு விளக்கம்

குவாசர்கள் குறித்துப் பொதுசனப் பத்திரிகைகளில் வெளிவரும் குறிப்புகளிற் பெரும்பாலானவை 'விண்ணின் விந்தை', 'பிரபஞ்ச இரகசியம்' என்னும் தொடர்களுடன் தொடங்கி, அவற்றுடனேயே நின்றுவிடுகின்றன. வியப்பினால் ஆராய்ச்சி தூண்டப்படலாம், வியப்பே விளக்கமாகிவிடாது. கேம்பிரிட்ஜ் வானொலி மூலங்களின் மூன்றாவது அட்டவணையில் 279ஆம் எண்ணைப் பெற்ற குவாசர் இதற்குத் தக்க உதாரணமாகும். கன்னி மண்டலத்திலுள்ள இப்பொருளிலிருந்து புறப்பட்ட ஒளி எம்மை அடைய ஏறக்குறைய 500 கோடி ஆண்டுகள் செல்கின்றன.

காமாக் கதிர்களைப் புவியின் வளிமண்டலம் உறிஞ்சிவிடுகின்றது. ஆகவே அவற்றை நேரடியாக அறியச் செய்மதிகள் வேண்டும். செய்மதிகள் தூய அறிவார்வத்தினால் மாத்திரம் விண்ணேறியவை அல்ல. 1963இன் அணுகுண்டுப் பரிசோதனைத் தடை ஒப்பந்தம் மீறப்படுகின்றதா எனக் கண்காணிக்க அமெரிக்கா ஏவிய வேலா செய்மதிகளே, 1967இல் விண்ணிலிருந்து வந்த காமாக் கதிர் வெடிப்பொன்றை முதன்முதலிற் பதிவுசெய்தன. அவ்வெடிப்புகள் குவாசர்களின் சுவாலைகளினின்றும் வேறானவை; எனினும் இத்துறையின் வரலாற்றை எழுதுவோர் இதனைப் புறக்கணித்தல் இயலாது.

1975இல் ஏவப்பட்ட ஐரோப்பியச் செய்மதி கொஸ்-பி, 3சி 273 என்னும் குவாசரிலிருந்து காமாக் கதிர்கள் வருவதைக் கண்டது. அயலிலுள்ள 3சி 279ஐக் காணவில்லை. 1991இல் கொம்ப்ரன் செய்மதி நோக்கியபோதோ 3சி 279 மிகுந்த பிரகாசத்துடன் விளங்கியது. இடைக்காலத்தில் மாறியது கருவி மட்டுமன்று, பொருளும் மாறியிருந்தது. 2008 யூனில் ஏவப்பட்ட பேர்மி தொலைகாட்டி இம்மாற்றங்களைத் தொடர்ந்து அவதானிக்க வழிசெய்தது. ஆடியினாற் குவிக்கவியலாத இக்கதிர்கள் அதன் தங்குதன் தகடுகளில் இலத்திரன்-பொசித்திரன் சோடிகளாக மாறுகின்றன. அச்சோடிகளின் தடங்களிலிருந்தே கதிர் வந்த திசை கணிக்கப்படுகின்றது.

2015 யூனில் 3சி 279இன் காமாக் கதிர்ப் பிரகாசம் ஐந்து நிமிடத்துக்கும் குறைந்த நேரத்தில் இருமடங்காகியது. இங்குதான் முரண்பாடு எழுகின்றது. ஒரு பிரதேசம் முழுவதும் ஒருங்கே ஒளிர வேண்டுமாயின், அதன் அகலம் அந்நேரத்தில் ஒளி கடக்கும் தூரத்தினும் அதிகமாகாது. ஐந்து நிமிடத்தில் ஒளி செல்வது 9 கோடி கிலோமீற்றர்; சூரியனுக்கும் புவிக்குமிடையிலான தூரத்திலும் குறைவு. ஆனால் இக்குவாசரின் மையத்திலுள்ள கருந்துளையின் திணிவு ஏறத்தாழ 50 கோடி சூரியன்களுக்குச் சமம். அதன் ஆரையைக் கடக்கவே ஒளிக்கு 80 நிமிடங்களுக்கு மேல் வேண்டும்.

இதற்கு வழக்கமாகக் கூறப்படும் விடை ஒன்றுண்டு. கருந்துளையின் அயலிலிருந்து ஒளியின் வேகத்தை அண்மித்துப் பாயும் தாரை, ஏறக்குறைய எம்மை நோக்கியே வருகின்றது. எனவே அதில் நிகழ்பவை எமக்குக் காலத்தாற் சுருங்கியும் பிரகாசத்தால் மிகுந்தும் தோன்றுகின்றன. பிரதேசத்தின் உண்மை அளவு இதனாற் பன்மடங்கு பெருகலாம். ஆயினும் ஏற்றவிறக்கம் கருந்துளையிலேயே உற்பத்தியாகின்றதெனின், இவ்விடை போதாது. தாரை ஓடிவருகின்றதே தவிர, கருந்துளை ஓடிவரவில்லை. சுவாலையின் பிறப்பிடத்தைத் தாரைக்குள்ளேயே தேடவேண்டும். தாரையின் அடியில் என்போமாயின், அங்கு நிறைந்துள்ள புறஊதாப் போட்டன்களுடன் மோதி உயர்சக்திக் காமாக் கதிர்கள் அழிந்துவிடக்கூடும். வெகு தொலைவில் என்போமாயின், விரிந்துவிட்ட தாரையின் ஒரு சிறு மூலை இத்துணைச் சக்தியை எவ்வாறு வெளியிட்டது என்ற வினா எஞ்சும். முறுக்குண்ட காந்தப்புலக் கோடுகள் அறுந்து மீளிணையும்போது, தாரைக்குள் இன்னும் வேகமான சிறு தாரைகள் தோன்றலாம் என்பது முன்வைக்கப்படும் விளக்கங்களுள் ஒன்று. இரு இடர்களையும் ஒருங்கே எதிர்கொள்ள முனைவதால் அதுவே ஏனையவற்றிலும் வலுவுடையது என எனக்குத் தோன்றுகின்றது.

2017 ஏப்பிரலில் உலகின் பல பாகங்களிலுள்ள வானொலித் தொலைகாட்டிகளை இணைத்துப் பெற்ற 3சி 279இன் படிமம் 2020இல் வெளியாயிற்று. தாரையின் அடிப்பகுதி நேராக அமையாது முறுகியிருப்பதை அதிற் காணலாம். ஓர் ஒளியாண்டினும் நுண்ணிய கூறுகளை அப்படிமம் காட்டுகின்றது. சுவாலை பிறக்கும் இடமோ ஒளிமணி நேரங்களால் அளவிடத்தக்க சிறுமையுடையது.