இரண்டு காலும் வலித்தால் குதிரை நொண்டாது!

பந்தயக் குதிரையின் உயிரைக் காக்கும் அதிகாரிகளுக்குக் கண்ணும் கையும்தான் முதல் கருவி

2019-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி, மாலை நேரம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்திலுள்ள சாண்டா அனிட்டா பந்தய மைதானம் ஜனத்திரளால் நிரம்பி வழிந்தது. அன்றைய கடைசிப் பெரும் பந்தயம் "பிரீடர்ஸ் கப் கிளாசிக்". பரிசுத் தொகை 60 லட்சம் டாலர். நாடெங்கும் ஜனங்கள் டெலிவிஷன் முன் உட்கார்ந்திருந்தார்கள்.

குதிரைகள் கடைசித் திருப்பத்தைத் தாண்டி எல்லையை நோக்கிப் பாய்ந்தன. திடீரென்று ஒரு குதிரை பின்தங்கியது. "மங்கோலியன் குரூம்" என்பது அதன் பெயர். ஐந்து வாரங்களுக்கு முன்பு அதே மைதானத்தில் பெரிய பந்தயம் ஒன்றில் ஜெயித்த குதிரை அது. இப்போது அதன் இடது பின்னங்கால் எலும்பு முறிந்துவிட்டது. பணியாட்கள் ஓடிவந்து பச்சைத் திரையை விரித்து மறைத்தார்கள். ஆம்புலன்ஸ் வண்டி வந்தது. சற்று நேரத்தில், "கருணைக் கொலை செய்யப்பட்டது" என்ற செய்தியும் வந்தது.

இதில் வியப்பு என்னவென்றால், அது யாரும் பார்க்காமல் ஓடவிட்ட குதிரை அல்ல. பந்தயத்துக்கு முந்திய நாட்களில் கால்நடை டாக்டர்கள் அதைப் பல தடவை பார்த்திருந்தார்கள். பார்த்தும் ஓடவிட்டார்கள். ஏன்?

டாக்டர் என்ன பார்க்கிறார்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டுமானால், பந்தய மைதானத்து டாக்டர் குதிரையை எப்படிச் சோதிக்கிறார் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

மனிதன் டாக்டரிடம் போனால், "இங்கே வலிக்கிறது" என்று தொட்டுக் காட்டுவான். குதிரைக்கு அந்த வசதி இல்லை. அதோடு, வலியை மறைத்துக்கொள்வது அதன் பிறவிக் குணம். காட்டிலே புலியும் ஓநாயும் துரத்திய காலத்தில், நொண்டுகிற குதிரைதான் முதலில் இரையாகும். அந்தப் பயம் அதன் ரத்தத்தில் இன்னும் இருக்கிறது.

ஆகவே டாக்டர் கையால் பார்க்கிறார். முழங்காலிலிருந்து குளம்பு வரை உள்ளங்கையால் மெதுவாகத் தடவிக்கொண்டு வருகிறார். எங்காவது சூடு தெரிகிறதா? காலின் பின்பக்கத்து நரம்பு நாண் வீங்கியிருக்கிறதா? குளம்புக்கு மேலே ரத்தக் குழாய் படபடவென்று அடித்துக்கொள்கிறதா? கணுவை மடக்கினால் குதிரை காலை இழுத்துக்கொள்கிறதா?

பிறகு குதிரைக்காரரைக் கூப்பிட்டு, குதிரையைச் சிறு ஓட்டமாக நேரே ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வரச் சொல்கிறார். இப்போது அவர் கண் குதிரையின் தலைமேல் இருக்கும். முன்னங்காலில் வலி இருந்தால், வலிக்கிற கால் தரையில் படும்போது குதிரை தலையைத் தூக்கும். நல்ல கால் படும்போது தலையைத் தாழ்த்தும். பின்னங்காலில் வலி இருந்தால் இடுப்பு ஒரு பக்கமாக எகிறும். தேர்ந்த கண்ணுக்கு இரண்டு முறை போய் வந்தாலே போதும். தேராத கண்ணுக்கு இருபது முறை பார்த்தாலும் தெரியாது.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று நம் ஊரில் சொல்வார்கள். குதிரை விஷயத்தில் அது முற்றிலும் உண்மை. கல்லூரியில் படித்த பாடம் வேண்டியதுதான். ஆனால் ஆயிரம் கால்களைத் தடவிய கைக்குத்தான் ஆயிரத்து ஒன்றாவது காலில் உள்ள இளஞ்சூடு தெரியும்.

ஏமாற்றிய நடை

மங்கோலியன் குரூம் விஷயத்தை ஆராயும்படி லாரி பிராம்லேஜ் என்ற பெயர்பெற்ற குதிரை சர்ஜனைக் கேட்டுக்கொண்டார்கள். அவருடைய அறிக்கை 2020-ம் ஆண்டுத் தொடக்கத்தில் வெளிவந்தது. அதில் கண்ட உண்மை இதுதான்: அந்தக் குதிரைக்கு ஒரு பின்னங்காலில் மட்டும் கோளாறு இல்லை, இரண்டு பின்னங்கால்களிலும் எலும்பு முன்பே பழுதடைந்திருந்தது.

நொண்டுவது என்றால் என்ன? வலிக்கிற காலிலிருந்து பாரத்தை எடுத்து நல்ல காலில் போடுவதுதான். இரண்டு காலும் சமமாக வலித்தால் பாரத்தை எங்கே மாற்றுவது? மாற்ற இடமில்லை. அதனால் குதிரை நொண்டவில்லை. அடியைக் குறுக்கிக்கொண்டு, கொஞ்சம் விறைப்பாக நடந்தது. "இந்தக் குதிரைக்கு நடையே இப்படித்தான்" என்று நினைப்பதற்கு இடம் கொடுக்கும் நடை அது.

இப்படிப்பட்ட குதிரையை நேர்கோட்டில் ஓட்டிப் பார்ப்பது போதாது. வட்டமாக ஓட்டிப் பார்த்தால், உள்பக்கத்துக் காலில் பாரம் கூடி, சில சமயம் குட்டு வெளிப்பட்டுவிடும். முந்திய மாதங்களில் அதே குதிரை எப்படி நடந்தது என்பதும் டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவசரமாகப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு இந்த வித்தியாசம் அகப்படாது.

எலும்பு ஒரே நாளில் உடைவதில்லை

பந்தயக் குதிரையின் எடை ஏறக்குறைய 450 முதல் 500 கிலோ. மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் பாயும்போது, ஒரு கணம் அந்தப் பாரம் முழுவதும் ஒற்றைக் காலில் இறங்குகிறது. உடம்பின் எடையைப் போல் இரண்டு மடங்குக்கு மேலான அழுத்தம் அந்த ஒரு காலில் விழுகிறது.

கலிபோர்னியாவில் மைதானத்தில் இறக்கும் குதிரைகளை எல்லாம் 1990 முதல் அறுத்துச் சோதித்து வருகிறார்கள். அதில் தெரிந்தது என்ன? உடைந்த எலும்புகளில் பெரும்பாலானவற்றில் பழைய விரிசலின் அடையாளம் இருந்தது. கல்லில் நீரோட்டம் போல, மெல்லிய விரிசல் வாரக்கணக்கில் இருந்திருக்கிறது. பந்தய நாளில் அது முற்றுப்பெற்றது. அப்படியானால் அதை முன்னாலேயே கண்டுபிடிக்க வழி உண்டு என்றுதானே அர்த்தம்?

"கால் உடைந்தால் கட்டுப் போட்டுக் காப்பாற்றக் கூடாதா?" என்று வாசகர்கள் கேட்கலாம். முயன்று பார்த்திருக்கிறார்கள். 2006-ம் ஆண்டு கெண்டக்கி டெர்பியில் ஜெயித்த "பார்பரோ" என்ற குதிரைக்கு, இரண்டு வாரம் கழித்து வேறொரு பந்தயத்தில் வலது பின்னங்கால் நொறுங்கியது. பென்சில்வேனியா சர்வகலாசாலையின் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, எட்டு மாதம் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் மற்றக் கால்களில் பாரம் அதிகமாகி, அவற்றின் குளம்புகள் கெட்டுப்போயின. 2007-ம் ஆண்டு ஜனவரி 29-ந் தேதி அதற்கும் அதே முடிவு ஏற்பட்டது. மூன்று காலில் நின்று பிழைக்கக்கூடிய உடம்பு அல்ல குதிரைக்கு.

அதனால்தான் பந்தயத்துக்கு முன்னால் பார்க்கிற கண்ணுக்கு இவ்வளவு மதிப்பு.

ஊசியும் ஒரு திரை

கண்ணையும் கையையும் ஏமாற்றக்கூடியது இன்னொன்று உண்டு. அது மருந்து. வலியை அடக்கும் மருந்தும், மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசியும் வியாதிக்கு நல்லவைதான். ஆனால் ஊசியின் வேகம் இருக்கும்போது டாக்டர் தடவிப் பார்த்தால் சூடு தெரியாது. மடக்கிப் பார்த்தால் வலி தெரியாது. குதிரையும் வலி தெரியாமல் முழு வேகத்தில் ஓடும்.

சாண்டா அனிட்டாவில் 2018 டிசம்பர் 26 முதல் 2019 ஜூன் வரை நடந்த ஒரே சீசனில் 30 குதிரைகள் இறந்தன. அந்தக் குளிர்காலத்தில் மழை அதிகம். மைதானத்து மண் கெட்டுவிட்டது என்று பலரும் சொன்னார்கள். மார்ச் மாதம் சில வாரங்கள் பந்தயத்தையே நிறுத்தி வைத்தார்கள். பெரிய கூக்குரல் எழுந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் 2020-ல் ஒரு சட்டம் செய்தது. பல மாகாணங்களில் பல விதமாக இருந்த விதிகளுக்குப் பதில், நாடு முழுவதற்கும் பொதுவான அதிகார சபை ஒன்று அதன்படி ஏற்பட்டது. பாதுகாப்பு விதிகள் 2022 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தன. பந்தயத்துக்கு முந்திய 14 நாட்களுக்குள் மூட்டில் ஊசி போடக்கூடாது என்ற மருந்து விதி அதற்குப் பின்னால் வந்தது.

தடி ஊன்றிப் பார்க்கும் அதிகாரி

குதிரையைப் பார்த்தால் மட்டும் போதாது. தரையையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் ஒவ்வொரு பந்தய மைதானத்துக்கும் ஒரு பொறுப்பதிகாரி உண்டு. அவர் விடியற்காலையில் ஓடுபாதை முழுவதும் நடந்து, தடியைத் தரையில் ஊன்றி ஊன்றிப் பார்ப்பார். குத்திய தடி எவ்வளவு இறங்குகிறது, சாய்த்தால் புல்தரை எப்படிக் கொடுக்கிறது என்பதை வைத்து, "இறுகல்", "இளக்கம்" என்று தரம் சொல்வார். இப்போது அதே வேலையைச் செய்து எண்ணாகக் காட்டும் கருவி வந்துவிட்டது. ஆனாலும் எந்த இடத்தில் குத்திப் பார்ப்பது என்பது, அந்த மைதானத்தில் பல மழையும் பல வெயிலும் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

எயின்ட்ரீ மைதானத்தில் நடக்கும் "கிராண்ட் நேஷனல்" பந்தயத்தில் 4 மைலுக்கு மேல் ஓடி, 30 தடைகளைத் தாண்ட வேண்டும். 2012-ல் அங்கே இரண்டு குதிரைகள் இறந்தன. அவற்றில் "சிங்க்ரனைஸ்டு" என்பது புறப்படும் முன்பே ஜாக்கியைத் தள்ளிவிட்டு ஓடியது. டாக்டர் பார்த்துச் சரி என்றார். பந்தயத்தில் ஒரு தடையில் விழுந்து, எழுந்து, ஆள் இல்லாமலே தொடர்ந்து ஓடி, வேறொரு தடையைத் தாண்டும்போதுதான் காலை முறித்துக்கொண்டது. இதிலிருந்து அதிகாரிகள் பாடம் கற்றார்கள். ஆளில்லாக் குதிரையைப் பிடித்து நிறுத்த ஏற்பாடு செய்தார்கள். தடைகளின் உள்ளே இருந்த கட்டையை எடுத்துவிட்டு, வளைந்து கொடுக்கும் பொருளை வைத்தார்கள்.

2024-ல் மேலும் மாறுதல்கள். ஓடும் குதிரைகளை 40-லிருந்து 34 ஆகக் குறைத்தார்கள். முதல் தடையைப் புறப்படும் இடத்துக்கு 60 கெஜம் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். பக்கத்தில் கொண்டுவந்தால் ஆபத்து குறையுமா? குறையும்! தூரம் குறைந்தால் குதிரை வேகம் எடுப்பதற்குள் தடை வந்துவிடும். குதிரை ஏறத் தெரிந்தவர்களுக்குத்தான் இப்படி யோசனை ஓடும். அந்த ஆண்டு பந்தயத்தில் ஒரு குதிரை கூட விழவில்லை.

இயந்திரமா, அனுபவமா?

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் கப் பந்தயத்தில் 2020-ல் "ஆண்டனி வான் டைக்" என்ற குதிரை கணு முறிந்து இறந்தது. அடுத்த ஆண்டு முதல், வெளிநாட்டிலிருந்து வரும் குதிரைகளின் கால்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகே ஓட அனுமதிக்கிறார்கள். சாண்டா அனிட்டாவிலும் 2019 டிசம்பரில், குதிரை நின்றபடியே எலும்பைப் படம் பிடிக்கும் "பெட்" ஸ்கேன் இயந்திரம் வந்தது. கைக்கு எட்டாததை இயந்திரம் காட்டுகிறது.

ஆனால் அதிலும் வழக்கு உண்டு. 2024-ல் "ஜான் புரூகல்" என்ற குதிரையின் ஸ்கேனைப் பார்த்த மெல்போர்ன் டாக்டர்கள், "இதை ஓடவிட முடியாது" என்றார்கள். அதைப் பழக்கிய அய்டன் ஓ'பிரயன் உலகப் புகழ் பெற்றவர். குதிரைக்கு ஒரு குறையும் இல்லை என்று அவர் வாதாடினார். 2025 ஜூனில் அதே குதிரை இங்கிலாந்தில் எப்சம் மைதானத்தில் கொரனேஷன் கப்பை ஜெயித்தது. "பார்த்தீர்களா?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் 2020-ல் இறந்த ஆண்டனி வான் டைக்கும் அவர் பழக்கிய குதிரைதான். நிறுத்திய குதிரை ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நிரூபிக்க வழியே இல்லை. சரியாகத் தடுத்த அதிகாரிக்கு நன்றி சொல்ல ஆள் இருக்காது. தவறி அனுமதித்தவருக்கோ உலகமே சாட்சி.

வேண்டியவர்களும் வேண்டாதவர்களும்

கடைசியாக ஒரு கேள்வி. இந்த அதிகாரத்தை யாரிடம் கொடுப்பது? தொழிலில் ஊறியவர்களுக்குக் குதிரை தெரியும். ஆனால் வேண்டியவர்களின் முகத்துக்காகக் கண்ணை மூடிக்கொள்ளக்கூடும். வெளியாருக்கு யாரிடமும் தாட்சண்யம் இல்லை. ஆனால் குதிரையின் எந்தக் காலில் வலி என்று தெரியாது. அமெரிக்கச் சட்டம் இரண்டையும் கலந்தது. அதிகார சபையில் 9 பேர். அவர்களில் 5 பேர் வெளியார், 4 பேர் தொழிலைச் சேர்ந்தவர்கள்.

பலன் இருக்கிறதா? இருக்கிறது. அமெரிக்காவில் 2009-ல் ஆயிரம் ஓட்டத்துக்கு 2 குதிரைகள் வீதம் இறந்தன. புதிய சபையின் கீழுள்ள மைதானங்களில் 2024-ல் அந்தக் கணக்கு 0.90. பாதிக்கும் குறைவு. பூஜ்யமாகிவிடவில்லை. 2025 கிராண்ட் நேஷனலில் 13 வயதான "செலப்ர தாலன்" என்ற குதிரை களைத்துச் சரிந்து, சில நாளில் இறந்தது. களைத்த குதிரையைத் தொடர்ந்து ஓட்டியதற்காக ஜாக்கிக்குப் பத்து நாள் தடை விதித்தார்கள்.

நமக்கும் இதில் ஒரு பழைய கணக்கு உண்டு. எழுநூறு வருடங்களுக்கு முன் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளை அரபுக் கடல் வழியாக வாங்கினார்கள் என்றும், வருட முடிவில் அவற்றில் மிகச் சிலவே மிஞ்சின என்றும் எழுதியிருக்கிறார். லாடம் கட்டி வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர் இங்கே இல்லை. வியாபாரிகளும் அப்படிப்பட்டவர்களை வரவிடவில்லை என்று காரணம் சொல்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்குக் கிராக்கி!

குதிரை வைத்தியத்துக்கு நகுலனைச் சொல்லும் நாட்டில், கடற்கரையில் இறங்கிய குதிரைகளுக்குக் கால் பார்க்க ஆளில்லை. பணம் இருந்தது, லாயம் இருந்தது, தீனியும் இருந்தது. தடவிப் பார்க்கத் தெரிந்த கை ஒன்றுதான் இல்லை.