முதல் பாப்டிஸ்ட் சபையும் நமது திருமுழுக்கும்

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நம் பங்கு ஆலயத்தில் ஒரு குழந்தைக்குத் திருமுழுக்கு வழங்கப்படுகிறது. பெற்றோரும் ஞானப்பெற்றோரும் விசுவாச அறிக்கை செய்கின்றனர். அன்று மாலை வீட்டிற்கு வரும் வேறு சபை உறவினர் ஒருவர், "விவரம் அறியாத குழந்தைக்கு ஞானஸ்நானம் எதற்கு? வளர்ந்தபின் அதுவே கேட்டுப் பெறட்டுமே" என்கிறார். இக்கேள்வியை நம்மில் பலர் சந்தித்திருக்கிறோம். சிலர் கோபப்படுகிறோம், சிலர் பேச்சை மாற்றுகிறோம்.

இக்கேள்வியைத் தன் வாழ்வின் மையமாகவே கொண்டு பிறந்த ஒரு சபை அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் இருக்கிறது. 1638-ஆம் ஆண்டு தொடங்கிய அந்நாட்டின் முதல் பாப்டிஸ்ட் சபை அது. அதன் வரலாற்றை அறிந்துகொள்வது, நம் சகோதரர்களைப் புரிந்துகொள்ளவும் நம் திருமுழுக்கை நாமே மீண்டும் சிந்திக்கவும் உதவும்.

பனிக்காலத்தில் ஒரு நாடு கடத்தல்

17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் அரசரின் சமயமே மக்களின் சமயமாக இருந்தது. பிறந்த குழந்தை எல்லாம் அரசுத் திருச்சபையில் திருமுழுக்குப் பெறும். இதை ஏற்க மறுத்த ஜான் ஸ்மித், தாமஸ் ஹெல்விஸ் ஆகியோர் ஆலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகருக்குச் சென்று, 1609-ல் நம்பிக்கை கொண்டவர்களுக்கு மட்டுமே திருமுழுக்கு என்ற கொள்கையுடன் ஒரு சபையை அமைத்தனர். பின்னர் தாயகம் திரும்பிய ஹெல்விஸ், மக்களின் ஆன்மாவின்மீது அரசருக்கு அதிகாரம் இல்லை என்று எழுதியதால் சிறையிலேயே உயிர்துறந்தார்.

அதே இங்கிலாந்திலிருந்து 1631-ல் அமெரிக்காவின் பாஸ்டனுக்கு வந்தவர் ரோஜர் வில்லியம்ஸ் என்ற போதகர். அங்கே குடியேறியிருந்த பியூரிட்டன் கிறிஸ்தவர்கள் தங்களுக்குச் சமயச் சுதந்திரம் தேடி வந்தவர்கள்தாம். ஆனால் தங்களோடு ஒத்துப்போகாதவர்களுக்கு அதே சுதந்திரத்தை அவர்கள் தரவில்லை. கடவுளை வழிபடும் முறையில் அரசு தண்டனை விதிக்கக் கூடாது என்றும், பூர்வீக மக்களின் நிலத்தை அவர்களிடம் வாங்காமல் எடுத்துக்கொள்வது தவறு என்றும் வில்லியம்ஸ் போதித்தார். 1635 அக்டோபரில் அவருக்கு நாடு கடத்தும் தண்டனை விதிக்கப்பட்டது. 1636 சனவரியின் கடும்பனியில் அவர் வெளியேறினார். அவருக்கு அடைக்கலம் கொடுத்தவர்கள் கிறிஸ்துவை அறியாத பூர்வீக மக்கள்! நாராகன்செட் இனத் தலைவர்கள் அளித்த நிலத்தில் அவர் ஓர் ஊரை உருவாக்கி, இறைப் பராமரிப்பு என்று பொருள்படும் 'பிராவிடன்ஸ்' என்ற பெயரை அதற்குச் சூட்டினார்.

1638-ல் அங்கே கூடிய சிறு குழுவில், எசேக்கியேல் ஹாலிமன் என்பவர் வில்லியம்சுக்குத் திருமுழுக்கு அளித்தார். பின்னர் வில்லியம்ஸ் அவருக்கும் மற்றவர்களுக்கும் அளித்தார். ஆனால் சில மாதங்களிலேயே வில்லியம்ஸ் அச்சபையை விட்டு விலகினார். திருத்தூதர்களிடமிருந்து வரும் அதிகாரம் இன்றி யார் திருச்சபையை மீண்டும் நிறுவ முடியும் என்ற ஐயம் அவரை வாட்டியது. திருத்தூதர் வழிமரபை ஆயர்களிடம் காணும் நாம், அந்தத் தேடலை மரியாதையுடன் நோக்கலாம்.

நிறுவியவர் விலகினாலும் சபை நிலைத்தது. ஏறக்குறைய 60 ஆண்டுகள் அதற்கென ஆலயமே இல்லை. 1700-ல் போதகர் பார்டன் டில்லிங்ஹாஸ்ட் தம் சொந்தச் செலவில் முதல் கட்டடத்தை எழுப்பினார். இன்று நாம் காணும் வெண்ணிற மர ஆலயம் 1775-ல் அர்ப்பணிக்கப்பட்டது. அதன் கோபுரம் 185 அடி உயரம். உள்ளே சுமார் 1,200 பேர் அமரலாம்.

அவர்கள் எதை நம்புகின்றனர்?

பாப்டிஸ்ட் சபையினரின் நம்பிக்கைகள் அனைத்தும் ஓர் அடிப்படையிலிருந்து பிறக்கின்றன: கடவுளுக்குத் தரும் பதிலை ஒவ்வொருவரும் தாமே தர வேண்டும், வேறு எவரும் கட்டாயப்படுத்த முடியாது.

ஆகவேதான், கிறிஸ்துவைத் தாமே ஏற்று அறிக்கையிடுபவர்களுக்கு மட்டும், பொதுவாக முழுவதும் நீரில் மூழ்கச்செய்து, திருமுழுக்கு அளிக்கின்றனர். திருமுழுக்கையும் ஆண்டவரின் திருவிருந்தையும் அருளடையாளங்கள் என்று சொல்லாமல், ஆண்டவர் கட்டளையிட்ட நியமங்கள் என்று அழைப்பவர்களே அவர்களில் மிகுதி. திருவிருந்தைப் பெரும்பாலோர் நினைவுகூரலாகவே காண்கின்றனர். திருநூலே அவர்களுக்கு உயர்ந்த அளவுகோல். அவர்களுக்கு நம்மைப்போல் ஆயர்களோ மறைமாவட்டமோ இல்லை. ஒவ்வொரு சபையும் தன் போதகரைத் தானே தேர்ந்தெடுக்கிறது. அரசும் திருச்சபையும் தனித்தனியே இருக்க வேண்டும் என்பதும் அவர்களது உறுதியான கொள்கை.

கப்பல் உவமையும் கசப்பான உண்மையும்

1655-ல் எழுதிய ஒரு கடிதத்தில் வில்லியம்ஸ் சமுதாயத்தை ஒரு கப்பலுக்கு ஒப்பிடுகிறார். அதில் கத்தோலிக்கர், புரோட்டஸ்டாண்டு சபையினர், யூதர், இசுலாமியர் எல்லாரும் பயணம் செய்கின்றனர். கப்பலை நடத்தும் அதிகாரம் தலைவருக்கு உண்டு. ஆனால் எவரையும் கப்பலின் செபத்திற்கு வரும்படி வற்புறுத்தவோ, அவரவர் செபத்தைத் தடுக்கவோ அவருக்கு உரிமை இல்லை. திருத்தந்தையின் அதிகாரத்தை வில்லியம்ஸ் கடுமையாக எதிர்த்தவர். இருந்தும் கத்தோலிக்கருக்கும் அக்கப்பலில் இடம் தந்தார்.

பக்கத்துக் குடியேற்றமான மசாசூசெட்ஸில் 1651-ல் ஒபதியா ஹோம்ஸ் என்ற பாப்டிஸ்ட் ஊழியருக்கு 30 கசையடிகள் கொடுக்கப்பட்டன. பிராவிடன்ஸ் அடங்கிய ரோட் ஐலண்ட் குடியேற்றமோ 1663-ல் அரச பட்டயத்தின் வழியாகச் சமயச் சுதந்திரத்தை உறுதி செய்துகொண்டது. எனினும் சொன்ன சொல் முழுமையாகக் காக்கப்படவில்லை. 1719-ல் அச்சிடப்பட்ட அதன் சட்டத்தொகுப்பு, கத்தோலிக்கருக்கு முழுக் குடியுரிமையை மறுத்தது. 1783-ல்தான் அத்தடை நீங்கியது. 1775-ஆம் ஆண்டு ஆலயத்தை வடிவமைத்த ஜோசப் பிரௌனும் அவர் சகோதரர்களும் 1764-ல் ஆப்பிரிக்காவுக்கு அடிமைக் கப்பல் அனுப்பியவர்கள். அக்கப்பலில் ஏற்றப்பட்டோரில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சுதந்திரத்தைப் போதிப்பது எளிது, பிறருக்கு வழங்குவது கடினம்.

இதைச் சொல்லும் நாம் பெருமை பாராட்ட இயலாது. சமய விவகாரத்தில் எவரையும் வற்புறுத்தக் கூடாது என்பதை நம் திருச்சபை, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கையில், 1965-ல்தான் தெளிவாக எடுத்துரைத்தது.

நமக்கான கேள்வி

அப்படியானால் உறவினரின் கேள்விக்கு என்ன பதில்? நாம் தேடுமுன்பே கடவுள் நம்மைத் தேடுகிறார், அவருடைய அருள் நம் தகுதியைப் பார்த்து வருவதில்லை என்பதற்குக் குழந்தைத் திருமுழுக்கு அடையாளம். தாய்ப்பாலைக் குழந்தை கேட்டுத்தானா தாய் தருகிறாள்? அதேவேளை, தண்ணீராலும் தந்தை, மகன், தூய ஆவியார் பெயராலும் பாப்டிஸ்ட் சபையில் திருமுழுக்குப் பெற்றவர் நம்மிடம் வந்தால், நாம் மறுதிருமுழுக்குத் தருவதில்லை. குழந்தைப் பருவத்தில் நாம் பெற்றதை அவர்கள் பொதுவாக ஏற்பதில்லை. இது நம் இரு தரப்பினரிடையே இன்னும் ஆறாத காயம். 1984 முதல் வத்திக்கானும் உலக பாப்டிஸ்ட் கூட்டமைப்பும் பல கட்டங்களாக உரையாடி வருகின்றன.

ஆனால் அவர்களது கேள்வியில் நமக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. அன்று நம் பெற்றோர் சொன்ன 'நம்புகிறேன்' என்பதை நாம் எப்போது நம்முடையதாக்கினோம்? பாஸ்கா திருவிழிப்பில் மெழுகுதிரி ஏந்தித் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறோம். அப்போது சொல்லும் பதில் உதட்டிலிருந்து வருகிறதா, உள்ளத்திலிருந்து வருகிறதா? உறுதிபூசுதலுக்கு நம் பிள்ளைகளை அனுப்பும்போது, அவர்களே விரும்பி 'ஆம்' சொல்ல நாம் துணைநிற்கிறோமா, அல்லது ஊர் வழக்கம் என்று அனுப்பிவைக்கிறோமா?

நம் திருமுழுக்கு நாளை நாட்காட்டியில் குறித்துவைப்போம். அடுத்த முறை அந்த உறவினர் வரும்போது, விவாதத்திற்கு முன் அவரோடு சேர்ந்து விண்ணகத் தந்தையிடம் செபிப்போம். அந்தச் செபத்தைச் சொல்லும் உரிமையை நம் இருவருக்கும் தந்தது திருமுழுக்கே.