நெய்யின் தூய்மையை அளந்தறியும் முறை

கறவை மாடுகளுக்குப் பருத்திக்கொட்டை அரைத்து வைப்பது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். இத்தீனி உண்ட மாட்டின் நெய்யைப் பழைய முறையில் சோதித்தால், பருத்திக்கொட்டை எண்ணெய் கலந்ததற்கு அடையாளமான செந்நிறம் தோன்றிவிடுவதுண்டு. நெய்க்கே உரிய ரீச்சர்ட்-மெய்சில் எண்ணும் குறைந்து காணும். கலப்படமே அறியாத விவசாயி ஐயத்துக்கு ஆளாகிறார். பாமாயில் கலந்தவரோ அச்செந்நிறச் சோதனையில் சிக்குவதில்லை! இம்முரண்பாட்டை நாம் அலட்சியப்படுத்தலாகாது.

இதற்குத் துணை நிற்பது திரவ குரோமடோகிராபி என்னும் முறையாகும். ருஷ்ய தாவர நூலறிஞர் மிகயீல் த்ஸ்வெத், இலைச் சாற்றைச் சுண்ணத்தூள் அடைத்த கண்ணாடிக் குழாயில் இறங்கச் செய்து, பச்சையும் மஞ்சளும் தனித்தனி வளையங்களாகப் பிரிவதைக் கண்டு 1906-இல் வெளியிட்டார். நிறத்தால் எழுதுதல் என்பதே அப்பெயரின் பொருள். இன்று நிறமற்ற பொருள்களும் அவ்வாறே பிரிக்கப்படுகின்றன.

பால் கொழுப்பில் இருப்பது கொலஸ்டிரால். தாவர எண்ணெய்களில் மிகுந்திருப்பது பீட்டா சிட்டோஸ்டிரால். மாடு தின்னும் தீனியிலிருந்து பின்னது பாலுக்குள் சேர்வது மிகச் சொற்பமே. ஆகவே இதனைத் தேடுவது பருத்திக்கொட்டைக் குழப்பத்தைத் தவிர்க்கிறது.

ஆய்வுக்கூடத்தில் முதலில் நெய்யைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்துக் காய்ச்சிச் சோப்பாக்குவர். சோப்பாகாது எஞ்சும் பகுதியைப் பிரித்தெடுத்து, நுண்மணிகள் செறிந்த எஃகுக் குழாயின் வழியே மிகுந்த அழுத்தத்தில் திரவத்துடன் செலுத்துவர். சந்தைத் தெருவில் கடைதோறும் நிற்பவர் பின்தங்குவர் அன்றோ? அதுபோல, மணிகளின் மேற்பூச்சில் அதிகம் ஒட்டும் பீட்டா சிட்டோஸ்டிரால், கொலஸ்டிராலுக்குப் பின்னரே வெளிவரும். ஒவ்வொன்றும் வெளிவருகையில் கருவி ஒரு முகடு வரையும். அளவு தெரிந்த தூய பொருளின் முகட்டுடன் அதன் பரப்பை ஒப்பிட்டு, எவ்வளவு உள்ளதென்று கணக்கிடுவர்.

ஆய்வு எவ்வளவு நுட்பமாயினும், மாதிரி சரியில்லையேல் பயனில்லை. முன்பு எண்ணெய் இருந்த புட்டியில் நெய்யை ஊற்றி அனுப்பினால் பழி நெய்யின்மேல் விழும். சுத்தமான, ஈரமற்ற கண்ணாடிப் புட்டியே தகுந்தது. உறைந்த நெய்யை மிதமாக உருக்கி, நன்கு கலக்கிய பின்னரே மாதிரி எடுத்தல் வேண்டும்.

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டப்படி, அலுவலர் எடுக்கும் மாதிரி நான்கு பகுதிகளாக்கப்படும். அவற்றுள் ஒன்றை, விற்பவர் கோரினால், அவர் செலவில் அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். மாதிரி எடுக்கும் வேளையிலேயே இதனைக் கேட்டுவிட வேண்டும். நெய் விற்கும் குடும்பங்களுக்குப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதை முன்கூட்டியே தெரிவித்து வைப்பார்களாக.